மீன்காரி வீட்டுப் பத்தியம்

கச்சேரி ரோட்டிலும் மந்தைவெளியிலும் மீன் சமைக்கிற வீடுகளுக்கெல்லாம் அந்தோணியம்மாளைத் தெரியும். சாந்தோம் குப்பத்திலிருந்து கூடையோடு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அத்தனை தெருவையும் முடித்துவிடுவாள். கெட்டுப்போன மீனை நல்ல மீன் என்று விற்றாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிடிவாதக்காரி என்று மட்டும் சொன்னார்கள். அவள் புருஷன் சவரி கட்டுமரம் தள்ளுகிறவன். எந்தக் காற்றுக்கும் பயப்படாதவன், வீட்டுக்கு வந்தால் இவள் வாய்க்குப் பயந்தான்.

பிறந்த மூன்றில் இரண்டை வைசூரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சினவள் மதலேன். இவள் தலையில் கூடை ஏறக் கூடாது என்பதில் அந்தோணியம்மாள் உறுதியாக இருந்தாள். ஒன்பது வயதிலேயே கன்னிமார் மடத்தில் லேஸ் பின்னக் கொண்டுபோய் விட்டாள். மதலேனுக்குக் கை நன்றாக வந்தது. பன்னிரண்டு வயதில் பீடத்துணிக்கு ஓரம் பின்னிக் கொடுத்தாள்.

பதினைந்தாவது வயதில், 1931-ஆம் வருஷம், முகத்தில் பரு கிளம்பியது. முதலில் நெற்றியில் நாலைந்து. அப்புறம் கன்னம், தாடை எல்லாம் பரவிச் சிலது சீழ் வைத்து உடைந்து கறுப்பாக நின்றது. மதலேன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவளோடு உட்கார்ந்து பின்னுகிற பெண்களில் பாதிப் பேருக்கு இருந்தது. அந்தோணியம்மாளும் அப்போது கவலைப்படவில்லை.

கவலையைக் கொண்டுவந்தவர்கள் சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள். பையன் அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். பெண் பார்க்க வந்த அவன் தாயார் மதலேனை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய், மோவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மூஞ்சி பூரா இப்டி கட்டி கட்டியா கீது? ரத்தம் கெட்டுக் கீதா?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

மறுநாளே அந்தோணியம்மாள் மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த சுப்பராமனிடம் போய் நின்றாள். அவர் பூசிக்கொள்ள ஒரு பொடி மடித்துக் கொடுத்தார். மீன், முட்டை, கருவாடு, எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று பத்தியமும் சொன்னார்.

"நாற்பது நாள் போறும். அதுக்கப்புறம் எப்பவும் போல சாப்பிடட்டும். வளர்ற பொண்ணு, வயத்தைக் காயப் போட்டுடாதே. கேட்டுண்டியா?"

"கேட்டுக்கினேன் சாமி" என்றாள் அவள்.

நாற்பது நாளில் முகம் கொஞ்சம் அடங்கத்தான் செய்தது. அன்றைக்குச் சவரி கிழங்கான் மீனாகப் பார்த்துத் தனியே எடுத்து வந்தான். மதலேனுக்கு அதை வறுத்தால் உயிர்.

"நாப்பது நாளு முடிஞ்சிட்ச்சி இல்ல? கொய்ந்தைக்கு ரெண்டு வறுத்துப் போடு" என்றான்.

"கொறைஞ்சிக்கினு வர்றப்போ எவளாச்சும் நிறுத்துவாளா? இன்னொரு நாப்பது நாளு போவட்டும்."

"மீன்காரன் ஊட்டுப் பொண்ணு ரசஞ்சோறு துன்னுதே, பாக்க நல்லாவா கீது?"

"நீ சும்மா கெட. அவள எவனும் கட்டாம போனா நீயா வந்து பதிலு சொல்லுவே?"

சவரி சும்மா இருந்துவிட்டான். அவனும் அதற்காகப் பின்னால் வருந்தினான்.

பரு மறுபடி வந்தது. பத்தியம் போதவில்லை என்று அந்தோணியம்மாள் முடிவு கட்டினாள். கூடையை இறக்கி வைக்கிற வீட்டிலெல்லாம் கேட்டாள். கேட்டால் சொல்லாதவர்கள் யார்? ஒருத்தி தேங்காய் ஆகாது என்றாள். இன்னொருத்தி பப்பாளியும் மாம்பழமும் சூடு என்றாள். முருங்கைக்கீரையும் சூடு. பால் கபம். யார் எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் மதலேன் தட்டில் மிஞ்சியது சோறு, புளிரசம், உப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பாவும் அம்மாவும் மீன்குழம்பு சாப்பிடும்போது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்படி உட்காரச் சொன்னதும் அம்மாதான். பார்த்தால் ஆசை வரும் அல்லவா?

ஒருநாள் கூடை சீக்கிரம் காலியாகி அந்தோணியம்மாள் நடுப்பகலிலேயே வீடு திரும்பினாள். அடுப்போரம் மதலேன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கருவாடு சுட்ட வாடை வந்தது.

"வாயத் தொற" என்றாள் தாய்.

அவள் திறக்கவில்லை. அந்தோணியம்மாள் கன்னத்தில் ஓர் அறை விட்டு, விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுத்தாள். மதலேன் அழவில்லை.

"ஒரே ஒரு துண்டும்மா" என்றாள்.

அந்த ஈரத் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்ததை அந்தோணியம்மாள் சாகிறவரைக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு என்னவோ பெண்ணைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடுதான் கை கழுவினாள்.

இரண்டாவது வருஷம் மதலேனுடைய முழங்கையிலும் தொடையிலும் தோல் தடித்து முள் முள்ளாக எழும்பியது. தடவினால் பலாக்காயைத் தடவுகிற மாதிரி இருந்தது. கெட்ட ரத்தம் வெளியே வருகிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தாய் நம்பினாள். காப்பியில் விட்டுக்கொண்டிருந்த துளிப் பாலையும் நிறுத்தினாள்.

அப்புறம் பெண் தடுக்கி விழ ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தண்ணீர்க் குடத்தில் மோதிக்கொண்டாள், வாசற்படியில் சறுக்கினாள். மடத்திலிருந்து, சாயங்காலத்துப் பின்னலில் கண்ணி தப்பிப்போகிறது, பெண்ணுக்கு வேலையில் மனசில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

"கண்ண எங்க வெச்சிக்கினு நடக்கிறே?" என்று அந்தோணியம்மாள் கத்தினாள்.

"தெரியலம்மா" என்றாள் மதலேன்.

பதில் பேசுகிறாள் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

முப்பத்திநாலு ஐப்பசி மழையில் மதலேனுக்குப் பத்து நாள் வயிற்றுப்போக்கு. அது நின்றபோது இடது கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் திறக்க முடியவில்லை. கறுவிழியின்மேல் தயிர்த் துளி போல ஒரு வெள்ளை. சவரி பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து வந்து மகளைத் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்தோணியம்மாள் கூடவே ஓடினாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா கண்ணைப் பார்த்தாள். சட்டைக் கையை ஏற்றி முழங்கையைத் தடவினாள். இருட்டினால் தடுக்கி விழுகிறாளா என்று கேட்டுக்கொண்டாள்.

"என்ன சாப்பிடுறா?"

அந்தோணியம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். எதை எதை நிறுத்தினாள், எவ்வளவு கண்டிப்பாக நிறுத்தினாள் என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமாம்மா."

"நீ என்ன வேலை செய்யறே?"

"மீன் விக்கிறேம்மா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"பரு அந்த வயசுல வர்றதுதான். பலகாரம், தித்திப்பு இதையெல்லாம் கொஞ்சம் குறைச்சு, முகத்தைக் கழுவிக்கிட்டிருந்தா ஓரளவு அடங்கியிருக்கும். மிச்சம் வயசோட தானா போயிருக்கும். இந்தத் தோலும் மாலைக்கண்ணும் அது இல்லை. மீன், முட்டை, பால், கீரை ஒண்ணுமே உள்ளே போகாததால வந்தது. வலது கண்ணைக் காப்பாத்தப் பார்க்கிறேன். இடது கண்ணுக்கு நான் எதுவும் சொல்ல முடியாது."

ஒரு சீசாவில் மருந்து கொடுத்தாள். மூடியைத் திறந்ததும் சவரியின் முகம் மாறியது.

"இது சுறா எண்ணெ வாட ஆச்சே" என்றான்.

"மீனோட ஈரல் எண்ணெய்தான். தினமும் கொடுக்கணும்."

குப்பத்தில் சுறா பிடிபட்டால் ஈரலைப் பானையில் போட்டுக் காய்ச்சிப் படகுப் பலகைக்குப் பூசுவார்கள். அந்தப் பானை அவர்கள் குடிசைக்குப் பத்தடி தள்ளித்தான் எப்போதும் கிடக்கும். அந்தோணியம்மாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சவரி அப்போதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

நாலைந்து மாதத்தில் தோல் வழவழப்பானது. வலது கண் தெளிந்தது. இடது கண் வெள்ளையாகவே நின்றுவிட்டது. இருபத்தோரு வயதில் பருவும் ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டது. அத்தனை துப்புரவான முகம் குப்பத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இப்போது யாரும் முகத்தோலைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். லேஸ் வேலையும் நின்றது. ஒற்றைக் கண்ணால் அரைமணி நேரம் பின்னினால் தலை வலித்தது. ஒருநாள் காலையில் மதலேன் தானாகவே ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு கிளம்பினாள். அந்தோணியம்மாளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அந்தோணியம்மாள் கோயிலில் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். எல்லாவற்றையும் கேட்ட சாமியார், "தெரியாமல் செய்தது பாவமாகாது, அம்மா" என்றார்.

"நாப்பது நாளு போதும்னு அந்தக் கடைக்காரரு சொன்னாரு சாமி. நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் நல்ல மீன் வந்தால் நடுத்துண்டை மதலேனுக்கு வைப்பாள். மதலேன் வைத்ததைச் சாப்பிடுவாள், மருந்து சாப்பிடுகிற மாதிரி. இன்னொரு துண்டு கேட்டதில்லை. ருசி எங்கோ விட்டுப்போயிருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் கோடையில் ஒருநாள் தாயும் மகளும் கச்சேரி ரோட்டில் ஹாஜிரா பீ வீட்டு வாசலில் கூடையை இறக்கினார்கள். ஹாஜிரா பீ வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்த்து, வழக்கத்தில் பாதி போதும் என்றாள். மகள் ஜஹீதாவுக்கு முகமெல்லாம் பரு, மீனை நிறுத்தியாயிற்று, முட்டையும் கறியும்கூட நிறுத்தப் போகிறாளாம். உள்ளே கதவுத் திரைக்குப் பின்னால் பதினாலு வயதுப் பெண்ணின் முகம் பாதி தெரிந்தது.

"வாணாம் பீயம்மா" என்றாள் அந்தோணியம்மாள். "அப்டி நிறுத்தாத. கொய்ந்த பாவம். மீனு துன்னட்டும்."

ஹாஜிரா பீ சிரித்தாள். "மீன் விக்கிறவ மீன் துன்னாதேன்னு சொல்லுவியா? நல்லா ஏவாரம் பண்றே."

அந்தோணியம்மாள் சொல்ல வேண்டியது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதைக் கைகாட்ட அவளால் முடியவில்லை. கூடையை மறுபடி தூக்கக் குனிந்தாள்.

மதலேன்தான் முன்னால் வந்தாள். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"எங்கண்ணப் பாரு பீயம்மா. எனக்கும் பரு இருந்திச்சி. மூணு வருசம் மீனு, முட்டை, பாலு ஒண்ணும் இல்ல. எங்கம்மா நல்லதுன்னு நெனைச்சித்தான் செஞ்சிச்சி. கண்ணு பூட்ச்சி."

ஹாஜிரா பீ சிரிப்பை நிறுத்தி அந்தக் கண்ணையே பார்த்தாள். பிறகு சட்டியை நீட்டி, எப்போதும் வாங்குகிற அளவுக்கே வாங்கிக்கொண்டாள்.

ரோட்டில் வெகுதூரம் அந்தோணியம்மாள் மீன் கூவாமலே நடந்தாள். மந்தைவெளி திருப்பத்தில் நின்றாள்.

"எம்மேல கோவமா கீதாடி?"

மதலேன் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"கீதும்மா. தெனமும் இல்ல."

அந்தோணியம்மாள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, கூடையைப் பிடித்திருந்தாள். மதலேன் ஒரு தெருவுக்கும் அவள் அடுத்த தெருவுக்குமாகத் திரும்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் மிச்ச மீனை விற்றாக வேண்டும்.