நூற்றுப்பத்து கிலோ அதிகம்

நான் எடை மேடையில் எடை போட்டுச் சீட்டு கொடுப்பவள். லாரிக்காரர்கள் யாரும் உள்ளபடி எடை போடச் சொல்லிக் கேட்டதில்லை. 'கொஞ்சம் பார்த்துப் போடுங்கக்கா' என்பதுதான் எப்போதும் பல்லவி. தானாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பாரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கிலோ சார்.

பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்று வாங்கியிருந்தார். உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, அவ்வளவுதான். சாமான்களோடு சேர்த்து ஆயிரத்து நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிரேக் பிடிக்காது, பின்பக்கம் கனத்தால் வால் ஆடி காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும் என்று எனக்கே பாடம் எடுப்பார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பட்டியல். அதில் மனைவியின் சாமான்களுக்கு அறுபது கிலோ. ஒரு ஜோடி செருப்பு கூடினாலும் இறக்கச் சொல்வார். அந்த விஷயத்தில் மனுஷன் கொஞ்சம் படுத்துவார்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை.

அன்று காலை இருவரும் பத்து நாள் பயணமாக மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். வழக்கம்போல் கேரவனைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தினார். ஆயிரத்து ஐந்நூற்றுப்பத்து காட்டியது. என் மேடை கெட்டுப்போய்விட்டது என்றார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். நாற்பது குறைந்தது. அப்போதும் எழுபது அதிகம்.

தான் டயருக்குக் காற்றடிக்கப் போன நேரத்தில் ஏதாவது ஏற்றினாயா என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் காரைவிட்டு இறங்கவில்லை. இவர் போய்ப் பின்கட்டிலின் பலகையைத் தூக்கினார். தையல் மெஷின், குளிருக்கான கம்பளிகள், அந்த அம்மாளின் தாயார் படம், சர்டிபிகேட் ஃபைல். பத்து நாளுக்கு யார் சர்டிபிகேட் கொண்டுபோவார்கள்?

"நான் திரும்பி வரப்போறதில்லைங்க," என்றார் அந்த அம்மாள். "பொண்ணுகிட்டயும் மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன். உங்க அறுபது கிலோவுக்குள்ள இனிமே என்னால இருக்க முடியாது."

"எப்போ சொன்னே?"

"போன வருஷமே."

அந்த மாப்பிள்ளை வாரம் தவறாமல் போன் போட்டு, 'மாமா, எப்போ வர்றீங்க' என்று குழைவதை இவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிரிவதென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. இவரையே டிரைவராக்கி, இவர் வண்டியிலேயே ஏறிப் போவது என்ன நியாயம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்குக் கோபம்கூட வரவில்லை. "எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?" என்றுதான் கேட்டார்.

 பிறகு தையல் மெஷினைத் தூக்கினார். வீசப்போகிறார் என்று நினைத்தேன். அதைச் சக்கரங்களுக்கு மேலே நடுவில் வைத்து, ஆடாமல் கட்டினார். இறக்கியவையெல்லாம் தன்னுடையவை. சைக்கிள், டூல் பெட்டி, கூடாரம், கடைசியாகத் துணிப்பெட்டி. ஆயிரத்து முந்நூற்றுத்தொண்ணூறு. நான் சீட்டைக் கொடுத்தேன். கேரவனை மாட்டி, கொக்கி, சங்கிலி, பின்விளக்கு எல்லாம் ஒருமுறை பார்த்தார்.

"மாத்துத் துணிகூட இல்லாம எப்படி சார்?" என்றேன்.

"எல்லாம் இங்கேயே இருக்கட்டும், தங்கச்சி. திரும்பி வர்றப்போ வண்டி காலியாத்தானே வரும்."