கொட்டாவிக்கு எழுந்த கை

எங்கள் வீட்டில் கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே கட்டைவிரலால் ஒரு குட்டிச் சிலுவை போட வேண்டும். திறந்த வாய் வழியே பிசாசு நுழைந்துவிடுமாம். கடலூருக்கு வந்த எந்தப் பிசாசும் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு அப்பாவின் கைதான் காரணம் என்று நான் நம்பினேன். அதே விரலால்தான் தூங்கப் போகுமுன் என் நெற்றியிலும் சிலுவை வரைவார். கோர்ட்டு வாசலில் நாள் முழுக்க டைப் அடித்த விரல், கார்பன் வாசனை வரும். அந்த வாசனை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

சுனாமிக்கு மறு வருஷம், எனக்கு எட்டு வயதில், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பிவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மட்டும் வரவே இல்லை. மடியில் வைத்தால் மடியிலேயே கிடக்கும். இடது கையால் சிலுவை போட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தச் சிலுவை செல்லுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது அந்த வலது கைதான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்த அப்பா பெரிதாகக் கொட்டாவி விட்டார். செத்துக் கிடந்த கை மெல்ல மடங்கி நெஞ்சு வரை ஏறியது. வாய் மூடியதும் இறங்கிவிட்டது. அம்மா கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள்.

"மாதாவே! சிலுவை போட வருது பாரு கை!"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அற்புதம் பரவியது. அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். மறு வாரம் சிதம்பரம் பஸ் ஏறி, அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு அற்புதத்தைக் காட்டப் போனோம்.

"கையத் தூக்குங்க சார்" என்றார் டாக்டரம்மா. அப்பா பல்லைக் கடித்தார், நெற்றியெல்லாம் வேர்த்தது. கை அசையவில்லை.

"இப்ப தூக்கமாட்டாரு டாக்டர். கொட்டாவி வந்தாத்தான் தூக்குவாரு" என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் தலையில் உச்சியிலிருந்து இடது காது வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "இங்க ஒரு பட்டை இருக்கும்மா. நாமளா நெனச்சு வலது கையத் தூக்கணும்னா, உத்தரவு இங்கருந்துதான் போவணும். அவுங்களுக்கு அந்த எடம் கெட்டுப்போச்சு. கொட்டாவி நாம நெனச்சு விடுறதில்ல. அது அடிமூளையிலேர்ந்து வேற வழியா வருது. அந்த வழி நல்லா இருக்கு."

"அப்ப கை சிலுவை போட வரலியா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா."

கடலூர் வரும்வரை அம்மா பஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். ஒரு வழி நன்றாக இருக்கிறதாமே, அது போதாதா?

அன்றிலிருந்து அப்பா எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதே என் வேலையாயிற்று. கொட்டாவிதான் ஒட்டிக்கொள்ளுமே. அவருக்கும் வந்து கை ஏறும்போது, நெற்றியைக் கொண்டுபோய் அந்தக் கட்டைவிரலில் முட்டுவேன். பட்டும் படாமலும் ஒரு நொடி. அதற்காக நாள் முழுக்கக் காத்திருப்பேன். இந்த வயதிலும் என் நெற்றி அந்த விரலுக்கு ஏங்குகிறது.

ஒரு நாள் என் கொட்டாவி எதுவும் பலிக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அப்பா என்னையே பார்த்தார். பிறகு வாயை அகலத் திறந்து, சத்தத்தோடு ஒரு கொட்டாவி விட்டார். நான் அவசரமாக நெற்றியை நீட்டினேன். கை மடியிலேயே கிடந்தது. மறுபடி விட்டார், கண்ணில் நீர் வரும் அளவுக்கு. அப்போதும் கிடந்தது.

"இது பொய்க் கொட்டாவிப்பா. நெஜமா விடுங்க" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

பொய்க் கொட்டாவிதான். அதுவரை அந்தக் கை எழுந்தபோதெல்லாம் அப்பாவுக்கு அதில் வேலையே இல்லை. அது பாட்டுக்கு எழுந்தது, அது பாட்டுக்கு விழுந்தது. அன்றைக்குத்தான் எனக்காக அவரே அதை எழுப்பப் பார்த்தார். அந்த உத்தரவு கெட்டுப்போன இடத்திலிருந்துதான் கிளம்பியாக வேண்டும். கை எழுந்த நாட்களில் அல்ல, எழாமல் கிடந்த அன்றுதான் அப்பா எனக்குச் சிலுவை போட்டார். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை.