வலைக்கு அடியில் இருந்த பவளம்

வாளையார் சோதனைச் சாவடியில், லாரிகளுக்கு நடுவே எங்கள் பேருந்து அசையாமல் நின்றபோதுதான் ஸ்டெல்லாவின் தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா காலையில தவறிட்டா. சாயங்காலம் அடக்கம்." அதற்குள் மலைமேல் இருக்கும் அவர்கள் ஊரான ஏலப்பாறைக்குப் போய்ச் சேர முடியாது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, கடலடியை அளக்க வந்தவர் ஸ்டெல்லா. தூத்துக்குடிக் கடலில் பல ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து மூழ்கினோம். ஒரே பவளத்திட்டை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுப்போம். கணினி அவற்றை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும். போன வருடத்து உருவத்தோடு ஒப்பிட்டால், நங்கூரம் எங்கே உடைத்தது, வலை எங்கே வழித்தது என்று தெரிந்துவிடும்.

ஒருமுறை, பாறையில் சிக்கிக் கிடந்த பழைய வலை அவருடைய காற்று உருளையில் மாட்டிக்கொண்டது. உதற உதற இறுகியது. ஸ்டெல்லா உதறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தபடி கிடந்தார். நான் கத்தியால் அறுத்து விடுவித்தேன். படகில் ஏறியதும் வாந்தி எடுத்தார். பிறகு சொன்னார்: "நமக்குக் கத்தி இருந்துச்சு கதிரு. கீழ வலையில மாட்டிக் கெடக்கதுக்கு யாரு இருக்கா?"

வலையை எடுக்க மீனவர்களிடம் உதவி கேட்டோம். "படத்தக் காட்டி எங்க தொழில முடக்கவா?" என்று ஒருவர் கத்தினார். ஸ்டெல்லா திரையை அவர் பக்கம் திருப்பினார். "யாரு வலைன்னு நான் கேக்கல அண்ணாச்சி. உள்ள நண்டும் சிங்கி எறாலும் செத்துக் கெடக்கு, பாருங்க. ஒங்களுக்கும் இல்லாமப் போச்சு, கடலுக்கும் இல்லாமப் போச்சு." மறுநாள் அந்த மீனவரே படகு கொண்டுவந்தார். பெரும்பகுதியை அறுத்து மேலேற்றினோம். பாறை இடுக்கில் புகுந்திருந்தது மட்டும் வரவில்லை.

அதன்பின் தண்டுவட நோய் ஸ்டெல்லாவை ஏலப்பாறை வீட்டுக் கட்டிலில் போட்டது. போன மழைக்காலத்தில் புதிய உருவத்தை மடிக்கணினியில் கொண்டுபோனேன். வலை எடுத்த இடத்தில் விரல்நுனியளவு புதுக் கிளைகள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுக்கு வந்ததும் கை நின்றது.

"இங்க?"

"வலை அப்படியேதானுங்க இருக்குது."

"வெளிய வந்தாப் போதும்னு இருக்கு கதிரு" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

படம் எட்டாத இடத்தைக் கணினி தானாகவே நிரப்பிக் காட்டும். ஸ்டெல்லா ஒருபோதும் அப்படி நிரப்ப விட்டதில்லை. "பாக்காதத பாத்த மாதிரி காட்டாத" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கண்டிப்பைத்தான். நேற்று அறிக்கையில் அந்த உருவத்தைச் சேர்த்தேன். படம் எட்டாத அந்த இடுக்கின் உட்பகுதியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.