தண்ணீர் ஏறும் வரை

ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தபோது லான்மடாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் குடியிருந்தேன். கடைக்காரர் மரைக்காயர், ஐம்பது வயதைத் தொட்டவர். லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். மார்கழி பிறந்தால் ஆற்று முகத்துச் சதுப்பில் காட்டு வாத்து இறங்கும். அந்த வருடம் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

முந்தின நாள் மாலையே க்யிம்யிண்டைங் துறையில் சம்பான் படகில் ஏறினோம். விடியும்போது வற்றம், தண்ணீர் இறங்கிப் போயிருந்தது. கோரைக்கு அருகில் சேற்றில் தட்டி நின்றது படகு. பனியில் எங்களுக்குப் பல் கிட்டியது. பர்மியப் படகோட்டி மட்டும் சுருட்டுப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

வாத்துக் கூட்டம் எழுந்தது. மரைக்காயர் சுட்டார். ஒன்று விழுந்து சேற்றில் இறக்கையை அடித்துக்கொண்டு கிடந்தது. உயிர் போவதற்குள் ஓதி அறுத்தால்தான் அவர் மார்க்கத்தில் சாப்பிட ஆகும். படகோட்டி வேண்டாமென்று கை காட்டியதைக் கவனிக்காமல், கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பதினைந்து அடி போயிருப்பார். முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். காலை இழுக்கப் பார்த்தார், இடுப்பு வரை போய்விட்டது. நான் குதித்தேன். எனக்கும் முழங்கால் புதைய, படகோட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். கயிறு வீசினோம். மரைக்காயர் அதை அக்குளில் கட்டிக்கொண்டார். இருவரும் இழுத்ததில் அவர் அலறினாரே தவிர அசையவில்லை. படகின் அடிப்பலகை ஒன்றைச் சேற்றின் மேல் தள்ளிவிட்டோம். அதன் மேல் கைகளை ஊன்றிக்கொண்டார்.

படகோட்டிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"தண்ணி வரும். படகு மிதக்கும். அப்ப போலாம்."

"அதுக்குள்ள அவரு முங்கிட்டா?"

அவர் கழியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. கோரைக்கு நடுவே முதலில் ஒரு கோடு போல வந்து, மரைக்காயரின் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. படகு அசையவே இல்லை. வாத்தைப் பருந்து தூக்கிப் போயிற்று. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு," என்றார். "சும்மா இருந்தா தண்ணி சத்தம் கேக்குது."

என்ன பேசுவது? போன வாரம் ஆபீஸ் சகா ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டதை இலையின் ஒரு மூலையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். பாயசத்துக்கு வந்தபோது தண்ணீர் அவர் மார்பில் இருந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல் மறுபடியும் உப்பிலிருந்து தொடங்கினேன். அவர் கண்ணை மூடி உதடு அசைத்துக்கொண்டிருந்தார். நான் பேசுவது அவர் காதில் விழுந்ததா, தெரியாது. நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

கழுத்துக்கு ஏறியபின் படகு லேசாக ஆடியது. படகோட்டி கழியை ஊன்றித் தள்ளிப் போய், தண்ணீருக்குள் இறங்கி, கழியால் அவர் கால்களைச் சுற்றிச் சேற்றைக் கிளறினார். நான் மோவாயைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்தேன். வெகுநேரம் கழித்துச் சேறு விட்டது.

படகில் போட்டதும் அவர் குழந்தைபோல அழுதார். வேட்டி சேற்றோடு போய்விட்டிருந்தது. என் போர்வையைச் சுற்றினேன். படகோட்டி படகைக் கரைக்குத் திருப்பினார்.

இரண்டு மாதத்தில் சுளுக்கிய கால் சரியாகி, பழையபடி கடையில் உட்கார்ந்தார். ஆனால் நான் படியிறங்கும்போதெல்லாம் முகத்தைத் துணிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பெரிய மனிதரை யாரும் பார்க்கக்கூடாத நிலையில் பார்த்துவிட்டேன். அதைப் பார்க்காததாக்க என்னால் முடியாது. சித்திரையில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன்.