மட்டிச் சுண்ணாம்பு வீடு

எங்கட ஊர்ப் பக்கத்தில் வீடு பொம்பிளைக்குத்தான் சொந்தம். கடலோடு சேரும் வாவிக்கு மேற்குக் கரையில், வயல் ஓரத்தில் இருந்த கல்வீட்டை அம்மா எனக்குத் தந்தா. கலியாணம் முடித்து மனிசன் அங்கே வந்து இருந்தார். சண்டை வந்தது, ஓடினோம். கிழக்குக் கரையில் தங்கச்சிக்குக் கொடுத்த வீட்டில் ஏழு வருஷம் இருந்தோம். ஒரு அடுப்பு, இரண்டு பொம்பிளை. அவள் குறை சொன்னதில்லை. ஆனால் உப்புப் போத்தலை எங்கே வைக்கிறது என்று அவள்தான் சொல்லுவாள். அவளுடைய வீடு. அதுதான் முறை.

ஒரு ஆவணியில், போய் வரலாம் என்று ஆட்கள் சொன்னார்கள். மகளைத் தங்கச்சியிடம் விட்டு, நானும் மனிசனும் தோணி ஏறிப் போய்ப் பார்த்தோம். ஓடு ஒன்றும் இல்லை. கூரை வளையும் கைமரமும் எந்தப் பதுங்குகுழிக்கு மேல் கிடந்ததோ. கதவு நிலைகூட இல்லை. அறைக்குள் ஆள் உயரத்துக்கு எருக்கலை. சுவர் நின்றது. பூச்சு விழுந்து செங்கல் தெரிந்தது.

மனிசன் சுற்றி நடந்தார்.

"சுவர் நேராத்தான் நிக்கு. ஆனா வீடு உன்ட. நான் கூலிக்காரன். நீதான் சொல்லணும்."

"நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றேன்.

தங்கச்சியிடம் சொன்னோம். அவள் சிரித்தாள்.

"அந்தக் குட்டிச்சுவருக்குள்ள ஆரு இருக்கிற? மாரி வரட்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு இஞ்சதான் வருவீங்க."

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குக் குத்தியது. அவள் சொன்னதும் பொய் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னம் கூரையும் பூச்சும் இல்லாவிட்டால் தண்ணீர் செங்கல்லுக்குள் இறங்கும். நின்ற சுவரும் சரியும். பிறகு எனக்கு வீடு இல்லை. என் மகளுக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை.

முதலில் கிணற்றை இறைத்தோம். மனிசன் காட்டில் கம்பு வெட்டிக் கூரை கட்டினார். நான் இலுக்குப் புல் அறுத்துக் கொடுக்க, அவர் வேய்ந்தார். அது சரிவந்தது. பூச்சுக்குத்தான் வழி இல்லை. பதுங்குகுழி கட்டப் போகும் என்று சீமெந்தை மேற்குக் கரைக்கு விடமாட்டார்கள். துறையில் ஆமிக்காரன் பையைத் திறந்து பார்ப்பான்.

வாவியில் மட்டி பொறுக்கித் தின்று எறிந்த சிப்பி கரையில் குவிந்து கிடந்தது. குழி வெட்டி, விறகும் சிப்பியும் மாறி மாறி அடுக்கி எரித்தோம். வெந்த சிப்பியில் தண்ணீர் ஊற்ற, கொதித்துப் பூத்து மாவாய் விழுந்தது. நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு.

அதில் கலக்க மணல் வேண்டும். ஆற்று மணலுக்கு இரண்டு கட்டை தூரம் நடக்கவேண்டும். அந்த வழியில் மிதிவெடி என்றார்கள். வாவி மணல் வாசலுக்கு முன்னால் கிடந்தது.

"உப்பில்லையா?" என்று மனிசன் கேட்டார்.

"கழுவினாப் போகும்" என்றேன். வாவித் தண்ணீரிலேயே கழுவினேன். மாரியில் அது நல்ல தண்ணீர். அதில் சோறு காய்ச்சியிருக்கிறோம். இது ஆவணி, தண்ணீர் உவர் என்று அவசரத்தில் நினைக்கவில்லை.

பூசி முடித்தோம். வீடு பால் போல நின்றது. தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் சுவர் வேர்த்து, பொரிந்து நின்றது. அவள் விரலை வைத்தாள். பாளமாக விழுந்தது. விரலை நக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இனிக் கறிக்கு உப்பு வாங்காதீங்க. சுவரைச் சுரண்டினாப் போதும்."

மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைத் தோணி ஏற்றிவிட்டு வந்து சுரண்டத் தொடங்கினேன்.

புரட்டாதி பாதி போய்விட்டது. இனி ஆற்று மணல்தான் வழி. ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்க மாடுகள் தினமும் போகும். அதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுகளின் குளம்பு பட்ட இடத்தில் மட்டும் காலை வைத்துப் போனோம். அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. வண்டில் போகாது. சாக்கில் கட்டித் தலையில் சுமந்தோம். எத்தனை நடை என்று தெரியாது. கழுத்து ஒரு மாதம் வலித்தது.

இந்தமுறை மணலையும் சிப்பியையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். கழுவிய தண்ணீரை நக்கிப் பார்த்தேன். உப்புப் போகும்வரை கழுவினேன். திரும்பவும் எரித்து, திரும்பவும் பூசினோம். கடைசித் தேய்ப்பு என் கையால்தான். சுண்ணாம்பில் தோல் வெந்தது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு அடுத்த நாளும் தேய்த்தேன்.

ஐப்பசியில் குடி புகுந்தோம். பால் பொங்கும்போதே மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. ஒரு துளி ஒழுகவில்லை. மூன்றாம் நாள் தங்கச்சி நனைந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பொட்டலம். வந்ததும் வராததுமாகச் சுவரில் கையை வைத்து இழுத்தாள். விரலை நக்கினாள்.

"என்ன, உப்பா?"

"இல்லக்கா. காஞ்சு கிடக்கு."

மனிசன் வயலில் இருந்து வந்து தாழ்வார ஓரத்தில் நின்றார். மழை தோளில் விழுந்தது.

"என்ன அங்க நிக்கிறீங்க?"

"வீட்டுக்காரி கூப்பிடல்லையே."

"வாங்க."

தங்கச்சி பொட்டலத்தை அவிழ்த்தாள். புது வீட்டுக்கு என்று உப்புக் கொண்டுவந்திருந்தாள். அடுப்படியில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இதை எங்கக்கா வைக்கிற?"

நான் இடம் காட்டினேன்.