பாம்பு மாஸ்டர்

திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸ் என்று கேட்டால் யாரும் வீடு காட்ட மாட்டார்கள். பாம்பு மாஸ்டர் என்றால்தான் தெரியும். பாம்பு பிடிக்கிறவர் என்று நினைத்து, வீட்டுக்குள் நாகம் புகுந்துவிட்டதென்று வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவர்கள்கூட உண்டு. அவருக்கோ பல்லி என்றாலே ஆகாது.

பேர் வந்த கதை இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று வரைக்கும் அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சென்னையில் டிரில் பயிற்சி எடுத்தபோது கம்பியிலிருந்து விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆசனம் செய்துதான் எழுந்து நடந்தார். ஊருக்கு வந்து பிள்ளைகளுக்கும் டிரில்லோடு சேர்த்து நாலு ஆசனம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பிடித்தது புஜங்காசனம். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, பாம்பு படமெடுக்கிற மாதிரி நிமிர்வது. ஸ்ஸ்ஸ் என்று சத்தமும் போட்டுக்கொள்வார்கள்.

சுருட்டுக் கம்பெனி சூசை பங்குக் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றார். கோயிலில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

"ஏவாளைக் கெடுத்தது எது சாமி? பாம்பு. அதே பாம்பு மாதிரி நம்ம புள்ளைகளக் கவுத்துப்போட்டு ஊர விடுறான் இந்த ஸ்தனிஸ்லாசு. சீறச் சொல்லி வேற பழக்குறான். இது எங்க போயி முடியும்?"

கூட்டம் சிரித்தது. பள்ளிக்கூடத்தை நடத்தும் பங்குச் சாமியார் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஸ்தனிஸ்லாசுக்கு வேலை இல்லை. அந்த இடத்துக்கு வந்தவன் சூசையின் மச்சினன் என்பது சாமியாருக்குத் தெரியுமோ என்னவோ, ஊருக்குத் தெரியும்.

ஸ்தனிஸ்லாஸ் நாகல்நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கப் போனார். சாவி ராவுகிற வேலை. பிறகு வீட்டிலேயே பட்டறை போட்டார். தெருவில் போனால் பையன்கள் பின்னாலிருந்து ஸ்ஸ்ஸ் என்பார்கள். கோயிலுக்குப் போகும் அவருடைய மனைவி அமலராணியின் முதுகிலும் அந்தச் சத்தம் விழும். அவர் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுவார்.

நாளெல்லாம் குனிந்து அரம் பிடிக்கிறவர்களுக்கு இடுப்பு போய்விடும். தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டிக்குள் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் அதே கதி. ஒவ்வொருவராக மாஸ்டரைத் தேடி வந்தார்கள். அவரவர் உடம்புக்குத் தக்கபடி அவர் ஆசனத்தை மாற்றிக் கொடுப்பார். அமலராணிக்கும் அது பெருமைதான், வெளியில் சொல்ல மாட்டார்.

அறுபத்து ஒன்றில் ஒரு காலை, மாட்டு வண்டியில் சூசை வந்து இறங்கினார். இறங்கினார் என்பது சும்மா சொல்வது. ரெண்டு பேர் இறக்கினார்கள். குடவுனில் புகையிலைச் சிப்பம் ஒன்றைத் தூக்கியபோது இடுப்பில் ஏதோ சுளீரென்றதாம். அப்படியே வத்தலக்குண்டுக்கு பஸ்ஸில் போய்த் திரும்பியிருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது. மதுரை டாக்டர் பலகையில் படுக்கச் சொன்னார். படுத்தும் தீரவில்லை.

"மாஸ்டர்" என்றார் சூசை.

எட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் மாஸ்டர்.

"உக்காருங்கண்ணே. ஓ, உக்கார முடியாதுல்ல? நில்லுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ், அரத்தைக் கீழே வைக்காமல்.

உள்ளே வந்து அமலராணியிடம், "ராணி, அந்தப் பாயை எடு" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அமலராணிக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன செய்யப் போறீக?"

"குணப்படுத்தப் போறேன்."

"நெசமாவா?"

"அவன் இடுப்பு ஒடிஞ்சு கெடந்தா ஊரே போயி அழுகும், கஞ்சி ஊத்தும். அவன் எந்திரிச்சு நடக்கணும். நடந்து வந்து அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லணும்."

முதலில் ஒரு பெஞ்சின் மேல் கெண்டைக்காலைப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார். மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார். வலி கொஞ்சம் இறங்கியபின் ஒவ்வொரு முழங்காலாக, துண்டைப் போட்டு இழுத்து மடக்கச் சொன்னார். சூசைக்குப் பொறுமை இல்லை.

"மாஸ்டர், உக்காந்துக்கிட்டு காலை நீட்டிக் குனிஞ்சு பெருவிரலைத் தொடுறது ஒண்ணு இருக்காமே? அதச் செஞ்சா ஒரே வாரத்துல நரம்பு விட்டுருமாம். குடவுன்ல சொன்னானுக."

அடுப்படியில் அமலராணியின் கை நின்றது. மரத்த காலோடு அப்படிக் குனிந்தால் மனுஷன் பிறகு எழுந்திருக்கவே மாட்டான் என்று புருஷன் மற்றவர்களிடம் எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறார். செய்யுங்க என்று ஒரு வார்த்தை போதும். கேட்டது அவன்தானே?

ஸ்தனிஸ்லாஸ் சூசையின் கையிலிருந்த துண்டை வாங்கி மடித்து வைத்தார்.

"அது உங்களுக்கு இல்லண்ணே" என்றார். "குனியுறது, சுமை தூக்குறது ரெண்டும் என்னையக் கேக்காம செய்யக் கூடாது. குப்புறப் படுங்க. உங்களுக்கு இருக்குறது வேற."

வயிற்றுக்கடியில் போர்வையை மடித்து வைத்தார். கையை முழுசாக ஊன்ற விடவில்லை. முழங்கையில் நின்று, நெஞ்சைக் கொஞ்சமே தூக்கச் சொன்னார்.

"இதுக்கு என்ன பேரு தெரியுமா?"

சூசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாத்தான் அடுத்தது."

"மாஸ்டர், எப்படியெப்படியோ மாத்திக் குடுக்குறீக. பேரையும் மாத்தக் கூடாதா? றெக்க வச்ச சம்மனசுன்னு வச்சுக்குவோமே."

"சம்மனசுக்கு இடுப்பு வலி ஏதுண்ணே? உடம்புக்குத் தக்கன மாத்துவேன். பேர மாத்த மாட்டேன்."

"...பாம்பு."

"ம். இப்ப மூச்ச விட்டுக்கிட்டே எறங்குங்க."

தினமும் காலையில் இது நடந்தது. பாயில் படுத்ததும் சூசை பாம்பு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாஸ்டர் அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்துவிடுவார். கால் மரப்பு மெல்ல விட்டது. சூசை வண்டியில்லாமல் நடந்து வந்தார். ஒருநாள் சிறுமலை வாழைத்தார் ஒன்று வந்தது.

"திருப்பி அனுப்பு" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பழம் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று அமலராணி தாரை உத்தரத்தில் கட்டிவிட்டார்.

திருவிழா வந்தது. சப்பரத்துக்கு முன்வரிசையில் வலது பக்கம் தோள் கொடுப்பது சூசையின் உரிமை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கொடுத்தார். அந்த இடத்தை விட்டால் கோயிலில் அவர் சொல் இறங்கிவிடும் என்று சூசை நம்பினார். சப்பரம் எடுப்பதற்கு முந்தின நாள் கேட்டார்: "தூக்கலாமா மாஸ்டர்?"

"நாளைக்குக் கோயில் வாசல்ல வந்து கேளுங்க. அங்க சொல்றேன்."

சூசைக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போனார். அவ்வளவு பேர் முன்னால் போய்க் கேட்பதா?

மறுநாள் சாயங்காலம் கோயில் வாசல் நிறைய ஜனம். பூ அலங்காரத்தோடு சப்பரம் தயாராக நின்றது. சூசை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், தண்டுக்கடியில் தோளைக் கொண்டுபோய் வைத்தார். எதிரே கூட்டத்தில் ஸ்தனிஸ்லாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அமலராணி அவர் முழங்கையைக் கிள்ளினார்.

"சொல்லித் தொலைங்க. செத்துப்போவான்."

"கேக்கட்டும்."

தூக்குகிறவர்கள் மூச்சை இழுத்தார்கள். சூசை நிமிர்ந்து மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது. இடுப்பில் பழைய சுளீர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தோளை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாஸ்டர், நான் தூக்கலாமா?"

வாசலே திரும்பியது.

"உங்கள எந்திரிச்சு நடக்க வச்சது எதுண்ணே? அதச் சொல்லுங்க, இதச் சொல்றேன்."

"நீங்கதான் மாஸ்டர்."

"நான் இல்ல. பேரச் சொல்லுங்க."

"பாம்பு."

"பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

"பாம்பு! பாம்பாசனம்! போதுமா?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கூட்டத்தில் சிரித்த அதே ஆட்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார்.

"தூக்கக் கூடாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இனி எப்பவும் கூடாது. மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு பின்னால நடந்து வாங்க. பொம்பளைகளோட சேந்து."

அந்தக் கடைசி வார்த்தை வைத்தியத்தில் சேராது. அமலராணி வழியெல்லாம் அதற்காகப் புருஷனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

டிரில் மாஸ்டர் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. யாரும் தருகிறேன் என்று சொல்லவுமில்லை. சூசை பாய்க்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்கிறார் என்று பேச்சு. செய்திருப்பார், நடை நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் அவர் கம்பெனியிலிருந்து இந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவர் வருகிற நேரம் பட்டறையில் அரத்தின் சத்தம் நிற்கும். தெருமுனையில் எவனாவது ஒருத்தன் ஸ்ஸ்ஸ் என்பான். கூடவே இன்னொருத்தன், "ஏலே, பாம்பு சூசை வர்றாருடா!" என்பான்.

ஸ்தனிஸ்லாஸ் தலையைச் சாய்த்துக்கொண்டு அதை முழுசாகக் கேட்பார்.

"கேட்டாச்சுல்ல? வேலையப் பாருங்க" என்பார் அமலராணி.

அதன் பிறகுதான் அரம் மறுபடி ஓடும்.