ஸ்டியரிங் இல்லாத வீடு

லிப்ட் மெக்கானிக்கை அவருடைய மச்சினி 'மேல்கீழ் மாமா' என்றுதான் கூப்பிடுவாள். பெயர் வைத்ததில் தப்பில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை மனிதர் மேலே போனார், கீழே வந்தார். பக்கவாட்டில் எங்கேயும் போனதில்லை. நகரத்தில் எந்த மொட்டை மாடியில் காற்று நன்றாக வரும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டால் தலையைச் சொறிவார். இடது எது, வலது எது என்பதில்கூட அவருக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. ஸ்பேனர் பிடிக்கிற கை எது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

கார் ஓட்டத் தெரியாது. தேவையும் வந்ததில்லை. கட்டியவள் நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டிலும் தெருவிலும் டிரைவரம்மா என்றுதான் பெயர். சந்தை முனையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சந்தை முனை, காலமெல்லாம் அதே தடம். ஒருவர் மேலும் கீழும், மற்றவர் போவதும் வருவதும். இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிய தூரத்துக்கு உலகத்தையே சுற்றி வந்திருக்கலாம். ஆனால் பக்கத்து ஊர்க் கடலைக்கூடப் பார்த்ததில்லை.

அதனால்தான் இருவரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றதும் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டை மகளிடம் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போவது. ஓட்டலில் தங்காமல், வீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போவது. நகரத்துக்கு வெளியே பழைய வண்டிகள் விற்கிற வியாபாரி ஒருவர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று மோட்டார்ஹோம். நத்தை மாதிரி, ஓடும் வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஸ்டியரிங் எல்லாம் ஒரே கூட்டுக்குள். இன்னொன்று கேரவன். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி, காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு வருகிற வீடு.

மெக்கானிக்குக் கண்டதும் பிடித்தது மோட்டார்ஹோம்தான். ஒரே பெட்டி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். மழை பெய்தாலும் வெளியே இறங்காமல் கட்டிலிலிருந்து எழுந்து போய் வண்டியைக் கிளப்பலாம். அதைவிட, பெரிய ஸ்டியரிங். பேருந்து ஸ்டியரிங்குக்குத் தங்கச்சி போல இருந்தது. வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முகம் மலரும் என்று திரும்பிப் பார்த்தார்.

"உங்க இஷ்டம்" என்றார் டிரைவரம்மா.

மெக்கானிக்குக் குளிர் ஜுரம் வந்தது போல ஆனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. கடைசியாக வந்தது சோபா வாங்கியபோது. கடையில் நின்று 'உங்க இஷ்டம்' என்றார். சோபா வந்தது. லிப்டுக்குள் நுழையவில்லை. ஊருக்கெல்லாம் லிப்ட் அளவு சொல்கிறவர், தன் வீட்டு லிப்டை அளக்காமல் சோபா வாங்கி, அதைப் படிக்கட்டு வழியாகத் தலையில் சுமந்துகொண்டு போனார். மச்சினி இன்றைக்கும் அந்த சோபாவில் உட்காரும்போதெல்லாம் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

இதுவும் அப்படியோ? அல்லது இன்னும் மோசமா? ஒருவேளை அவளுக்கு இந்தப் பயணமே வேண்டாமோ? வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் 'உங்க இஷ்டம்' என்கிறாளோ? ஒரு வருஷம் முழுக்க, பயணம் பிடிக்காத ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் கேட்கிறார் என்றார் வியாபாரி. வியாபாரிகளுக்கு எப்போதும் வேறு ஆள் கேட்பார்.

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார். கேரவன் பிடிச்சிருக்கா என்றால் அதிலும் கஷ்டம் இருக்கே என்றார் டிரைவரம்மா. அப்படியானால் மோட்டார்ஹோமா என்றால், உங்களுக்குப் பிடித்தால் சரி. பேச்சு வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

லிப்ட் பழுதானால் மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்க மாட்டார். உள்ளே ஏறி, கதவைச் சாத்தி, ஒரு தடவை மேலே போய், ஒரு தடவை கீழே வந்து, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஏறி நின்று கேட்காமல் கோளாறு பிடிபடாது என்பது அவர் கட்சி. மனைவியிடமும் அதே வழிதான்.

சனிக்கிழமை காலையில் அவர்கள் குடியிருப்பின் அடித்தளத்தில், கார்கள் நிறுத்துகிற இடத்தில், அவர் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். வியாபாரியிடம் வாங்கி வந்த அளவுப்படி தரையில் மோட்டார்ஹோமை முழு அளவில் வரைந்தார். பக்கத்தில் கேரவனையும், அதற்கு முன்னால் ஒரு காரையும் வரைந்தார். கதவு இருக்கிற இடத்தில் இடைவெளி விட்டார். மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, சின்ன அடுப்பு, ஒரு வாளி எல்லாம் இறங்கின. இன்றைக்கு ஒரு நாள் இங்கேயே குடித்தனம் என்றார்.

டிரைவரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குப் போய், வெளியே எங்கோ போகிற மாதிரி சப்பாத்து போட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. அதுவரைக்கும் நல்ல சகுனம்.

மச்சினிக்குச் சொந்தமாக ஒரு முடிதிருத்தும் கடை. அங்கே வருகிறவர்களுக்குத் தலைமுடியோடு கதையும் கொஞ்சம் கத்தரிப்பாள். இப்படி ஒரு கூத்து நடக்கும்போது அவள் கடையில் இருப்பாளா? வந்துவிட்டாள். கதவு வரைந்திருந்த இடத்தில் நின்று காற்றில் தட்டினாள்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா? தண்ணி பில் கட்டலன்னு சொன்னாங்க."

முதலில் மோட்டார்ஹோம். டிரைவரம்மா முன் நாற்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் பின்னால் இருந்தார். ஓடும்போது எழக்கூடாது என்று வியாபாரி சொல்லியிருந்தார்தான். ஆனால் சாக்பீஸ் வண்டி எங்கே ஓடுகிறது? டீ போடலாமே என்று எழுந்தார்.

"பிடிச்சுக்குங்க" என்றார் டிரைவரம்மா, திரும்பாமலே.

மச்சினி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டிரைவரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. வாய் தவறிவிட்டது என்றார். ஆனால் மெக்கானிக் வாளி எடுக்க எழுந்தபோதும் வாய் தவறியது. ஜன்னல் பக்கம் நகர்ந்தபோதும் தவறியது. மதியம் முன் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். நிறுத்தின பிறகு அப்படித் திருப்பிக்கொள்ளலாம் என்பது அந்த வண்டியின் வசதி. டிரைவரம்மா அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கண் ஒரு பக்கமாக மேலே போய் வந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்தார். ஒன்றுமில்லை. பேருந்தில் பயணிகளைப் பார்க்கிற கண்ணாடி இருக்கிற இடம் அது.

மெக்கானிக்கும் ஒன்றும் யோக்கியமில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வந்தவர் நட்ட நடு வண்டியில், கதவைப் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, தலையை அண்ணாந்து நின்றார்.

"எத்தனாவது மாடி மாமா போகணும்?" என்றாள் மச்சினி.

பிறகு டிரைவரம்மா மெத்தையில் கொஞ்சம் சாய்ந்தார். கண் அயர்கிற நேரத்தில் திடுக்கென்று எழுந்து முன்னால் போனார். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா தேடற?"

"ஹேண்ட்பிரேக் போட்டேனான்னு ஒரு சந்தேகம்."

மச்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அப்படியே சாக்பீஸ் சுவரின் பாதியை அழித்துவிட்டாள். மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. லிப்டில் ஏறி நிற்கும்போது எங்கோ ஒரு சின்ன 'கிரீச்' கேட்குமே, அது அவர் காதில் விழுந்துவிட்டது. டிரைவரம்மாவின் கால்களைப் பார்த்தார். காலையிலிருந்து சப்பாத்தைக் கழற்றவே இல்லை. மெத்தையில் சாய்ந்தபோதுகூட, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

சாயங்காலம் கேரவனுக்குக் குடி மாறினார்கள். முதலில் சாக்பீஸ் காரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எழுந்து நின்று 'பிடிச்சுக்குங்க' வாங்க அங்கே வழியே இல்லை. கொஞ்ச நேரம் கடல் எப்படி இருக்கும், அலைச் சத்தத்தில் தூக்கம் வருமா என்று பேசினார்கள். அப்புறம் டிரைவரம்மா இல்லாத சாவியைத் திருப்பி, இல்லாத கதவைத் திறந்து இறங்கினார். பூட்டினார். பூட்டியதா என்று இழுத்தும் பார்த்தார். பின்னால் நடந்து போய், கேரவன் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே போய் மெத்தையில் விழுந்தவர் விழுந்ததுதான். ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் போனது, அசையவில்லை. மெக்கானிக் வாளியைத் தட்டிவிட்டார், அசையவில்லை. மச்சினி வேண்டுமென்றே தும்மினாள்.

"சும்மா இரேன்" என்றார் மெக்கானிக் மெதுவாக. அவளும் சும்மா இருந்தாள். அது அவள் வாழ்க்கையில் பெரிய விஷயம். போகும்போது அக்காவின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் போனாள்.

டிரைவரம்மா எழுந்ததும் மெக்கானிக் டீயைக் கையில் கொடுத்தார். அந்த வண்டியில சப்பாத்தைக் கழட்டவே இல்லையே நீ, என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோளாறு இருக்கிற இடத்தில் விரலை வைத்துவிட்டால் சத்தம் தானாக வரும்.

"இத்தனை வருஷமா என் முதுகுக்குப் பின்னால யாராவது நின்னுகிட்டே இருந்தாங்கங்க" என்றார் டிரைவரம்மா. "யாரும் விழுந்துடக் கூடாது, அதே நெனப்பு. வண்டியப் பூட்டி, கீழ இறங்கி, நாலடி நடந்தப்புறம்தான் எனக்கு வேலை முடியும். அந்த வண்டியில எங்க இறங்கறது? தூங்கினாலும் டியூட்டில தூங்கற மாதிரி."

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"அந்த ஸ்டியரிங்க அப்படிப் பாத்தீங்க. எனக்காகத்தான் பாத்தீங்கன்னு தெரியாதா?"

மெக்கானிக் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ பயணம் வேண்டாம்னு இல்லையே என்று கேட்டார். பைத்தியமா உங்களுக்கு என்றார் டிரைவரம்மா. அவருக்கு அந்தத் திட்டு தேனாக இனித்தது. அப்போ கேரவன்தானே, அதிலென்ன கஷ்டம்?

அந்தக் கஷ்டமும் வெளியே வந்தது. பேருந்து டிப்போவில் ஒரு சட்டம்: பின்னால் ஆள் நின்று கை காட்டாமல் யாரும் வண்டியைப் பின்னுக்கு எடுக்கக் கூடாது. டிரைவரம்மா ஒருநாளும் மீறியதில்லை. கேரவனோ பின்னுக்கு எடுக்கும்போது விஷமம் பண்ணுகிற வண்டி. காரை ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகும். பின்னால் நம்பிக்கையான ஆள் வேண்டும்.

"பின்னால நிக்கப் போறது நீங்க" என்றார் டிரைவரம்மா. அப்புறம் அவர் மனம் நோகாதபடி மெல்லச் சொன்னார்: "உங்களுக்கு இடது வலது தெரியாதுங்க."

மறுநாள் வியாபாரியின் முற்றத்தில் கேரவனை, அதோடு சேர்த்து அவர் விற்கிற காரில் மாட்டிப் பார்த்தார்கள். டிரைவரம்மா ஸ்டியரிங்கில், மெக்கானிக் பின்னால், மச்சினி வேடிக்கைக்கு. தரையில் போட்டிருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளுக்குள் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். மெக்கானிக் இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார். வண்டி நகர்ந்ததும் அத்தனையும் மறந்தது. கை தானாக மேலே போனது. அப்புறம் கீழே வந்தது. ஒரு லிப்டைப் பத்தாவது மாடியில் நிறுத்துகிற மாதிரி கவனமாக, அழகாக, மேலும் கீழும் காட்டினார். கேரவன் சாவகாசமாகப் போய்ப் பழைய டயர் அடுக்கில் முதுகைச் சாய்த்தது. வியாபாரியின் முகம் செத்தது.

டிரைவரம்மா இறங்கி வந்தார். மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் துரோகிகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார்ஹோமையே வாங்கிக்கலாம் என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எதுக்கு?" என்றார் டிரைவரம்மா. "கையத்தான் நல்லாக் காட்டறீங்களே. மேல காட்டினா வீட்டோட முதுகு கதவு இருக்கிற பக்கம் போகணும். கீழ காட்டினா மறுபக்கம். மூடினா நிப்பாட்டணும். மத்தத நான் பாத்துக்கறேன்."

"இப்படிக்கூட உலகத்துல யாராவது வண்டி எடுப்பாங்களா?" என்றார் வியாபாரி.

"அவங்களுக்கெல்லாம் எங்க மாமா கிடைக்கல" என்றாள் மச்சினி. அதைக் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுபடி எடுத்தார்கள். மேலே. மேலே. கொஞ்சம் கீழே. கண்ணாடியில் டிரைவரம்மாவின் கண்கள் அந்தக் கையை விட்டு நகரவே இல்லை. மெக்கானிக் விரல்களை மூடினார். வண்டி நின்றது. கோடுகளுக்கு நடுவில், கொஞ்சம் கோணலாக, ஆனாலும் கோடுகளுக்குள்தான்.

டிரைவரம்மா காரைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்து வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினார். மெக்கானிக்கும் பின்னாலேயே ஏறினார். உள்ளே நடுவில் நின்றுகொண்டு, எதையும் பிடிக்காமல், வேண்டுமென்றே ஒரு காலைத் தூக்கித் தள்ளாடிப் பார்த்தார்.

டிரைவரம்மா கவனிக்கவே இல்லை. அலமாரியைத் திறந்து, துணி மடித்து வைக்க இடம் போதுமா என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.